மதுரையில் விட்ட செருப்பு

மகளுக்கு டெல்லியில் வேலை. கிளம்பும்போது செல்போனைத் தட்டிப் பார்த்து, "ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்ப்பா, பிளேன்ல மூணு மணி நேரந்தான்" என்றாள். நம்ம ஊர்க் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம்! எனக்கோ உள்ளங்கால் குறுகுறுத்தது. காரணத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.

இவள் பிறக்குமுன், ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், வெடிமருந்து அறை வேலையிலிருந்து ஆர்டர் பிடிக்கும் வேலைக்கு மாறியிருந்தேன். டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்று வாசனையில் நாக்பூர் வரைக்கும் ஊர் கூடவே வரும். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏலே, திருத்தங்கல் கம்பெனிக்காரன் நேத்தே ரயிலேறிட்டான். அவன் போறதுக்குள்ள டெல்லி சேட்டு கடையில நீ நிக்கணும். பிளேன்ல போ."

"அண்ணாச்சி, எனக்கு மொட்டைமாடியே ஆகாது."

"சேட்டு ஆர்டர் போச்சுன்னா இந்த சீசன்ல பாதி ஆளுக்கு வேலை கெடையாதுலே. யோசிச்சுக்க."

யோசித்தேன். பையைக் கட்டினேன்.

மருந்து அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, உடம்பு மின்சாரத்தை இறக்க வேண்டும். ஒரு பொறி போதும், அறையே போய்விடும். மதுரையில் விமானத்தைப் பார்த்ததும் என் மூளை லீவு போட்டுவிட்டது. கைகால்கள் மட்டும் டூட்டி பார்த்தன. படிக்கட்டின் அடியில் செருப்பைக் கழற்றினேன். மேலே ஏறி, கதவோரத் தகரத்தில் உள்ளங்கையைப் பதித்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துப் பணிப்பெண்ணும் கைகூப்பினாள்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் குனிந்து பார்த்தார். "தம்பி, செருப்பு எங்கன?"

"வெளிய கெடக்குய்யா. எறங்கும்போது மாட்டிக்கிடலாம்."

"எறங்குறது டெல்லியிலப்பா!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். என்னை வழியனுப்ப வந்ததுபோல இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. விமானம் நகர்ந்தது. நடுவில் சென்னையில் நின்றபோதும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எவனாவது துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால்?

சாயங்காலம் சேட்டு கடையில் வெறுங்காலோடு நின்றேன். குளிரில் விரல்கள் கத்தரிக்காய் நிறம். சேட்டு என் காலைப் பார்த்தார், வானத்தைக் காட்டினார், "மன்னத்?" என்றார். வேண்டுதலா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை, ஆமாம் என்பதற்கு "ஹான்". அதைச் சொல்லிவைத்தேன். அவர் கண் கலங்கி, மொத்த சீசன் சரக்கையும் எங்களுக்கே எழுதிக் கொடுத்தார். திருத்தங்கல்காரன் வந்து சேர்ந்தபோது, சேட்டு வாங்கித் தந்த புதுச் செருப்பை ஆட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மகள் அங்கிருந்தே பேசினாள்.

"அப்பா, இங்கன வெடிக்குத் தடை வந்ததும் சேட்டு கடையை மூடிட்டுப் போயிட்டாராம். இப்ப இது செருப்புக் கடை. சைஸ் சொல்லுங்க, ஒரு ஜோடி எடுத்தாரேன்."

இப்போது எங்கள் கம்பெனியிலிருந்து டெல்லிக்கு ஒரு லோடும் போவதில்லை. மூன்றே மணி நேரம்தான். போனால் என் காலைப் பார்த்துக் கண் கலங்க அங்கே யாருமில்லை.

"எட்டு" என்றேன்.