பின்பலகையில் இருந்த கட்டை

மெக்கானிக் சவரிமுத்து இறந்த செய்தியைப் பாபநாசத்திலிருந்து அவர் மகள் போனில் சொன்னாள். "சங்கத்துலேருந்து யாராவது வருவீங்களா?" என்றும் கேட்டாள். நான் மட்டும் போனேன். அன்றிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் பிடிக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கொள்ளிடப் படுகையில் நமக்குப் பட்டா கிடைத்த வருஷம், அக்கரைக்கு ஆளும் நாற்றும் கொண்டுபோகப் படகுக்கு ஒரு பழைய மோட்டார் வாங்கினோம். மிராசுதார் படகை முந்தும் வேகமான புரொப்பல்லர் வேண்டும் என்று நான் குதித்தேன். "எத்தனை பேர் ஏறுவீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல. பந்தயத்துக்காங்க போறீங்க?" என்றார் மெக்கானிக் சவரி. பாரம் இழுக்கும் புரொப்பல்லரைத்தான் மாட்டினார்.

கோடையில் புரொப்பல்லர் மணல்திட்டில் இடிக்காமலிருக்க, படகின் பின்பலகைமேல் இரண்டு அங்குலக் கட்டை வைத்து மோட்டாரை உயர்த்தினார். "வெள்ளம் வந்தா கட்டையை எடுத்துடுங்க. அலையில பின்பக்கம் தூக்குச்சுன்னா புரொப்பல்லர் காத்தைத்தான் கடையும், படகு போவாது" என்று என்னிடம் சொன்னார்.

அதே வாரம் மிராசுதார் படகையும் பழுது பார்த்தார். டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவரைத் துரோகி என்றேன். "அதுலயும் மனுஷங்கதாங்க ஏறுறாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

வெள்ளத்தன்று படுகையிலிருந்து பதினொரு பேரை ஏற்றினேன். நடு ஆற்றில் பயந்துபோய் எல்லாரும் முன்பக்கம் ஒதுங்க, பின்பக்கம் தூக்கியது. மோட்டார் அலறியது, ஆறு எங்களை இழுத்துக்கொண்டு போனது. மிராசுதாரின் படகில் வந்து கயிறு வீசிக் காப்பாற்றியவர் சவரி. கயிற்றைக் கட்டும்போது, பின்பலகையில் அப்படியே இருந்த அந்தக் கட்டையைப் பார்த்தார். முடிச்சை இறுக்கினார்.

அவர்தான் மிராசுதாரிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு மோட்டாரைக் கெடுத்தார் என்று சங்கக் கூட்டத்தில் பேசினோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை கொடுக்க ஆளில்லாமல் அவர் பாபநாசம் போய் பம்ப்செட் பழுது பார்த்தார்.

பல வருஷம் கழித்துத் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். இலை போடும் நேரம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேங்க" என்றார். சாம்பார் வந்தது. சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டேன்.

கட்டை என் மேஜைமேல் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் இருப்பது அதுதான். முப்பதாம் நாள் பூசைக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன், நீங்களும் வாருங்கள். வெள்ளத்தன்று நான் அதை எடுக்க மறக்கவில்லை, தோழர்களே. துரோகி பேச்சைக் கேட்பதா என்ற வீம்பில் எடுக்காமல் விட்டேன்.