அரை விரல் வணக்கம்

எதிரே வண்டி வருவது தெரிந்தால் போதும், டெல்மர் ரீடலின் வலதுகைச் சுட்டுவிரல் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்துவிடும். கை எழாது, மணிக்கட்டு அசையாது, விரல் மட்டும். மேற்குக் கான்சஸ் சாலைகளில் வணக்கம் என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் செய்தால் அசட்டுத்தனம், அதுகூடச் செய்யாவிட்டால் பகை. டெல்மர் செய்வது அதிலும் பாதி. முதல் கணுவுக்கு மேலிருந்ததைக் களஞ்சியத்துக்குக் கோதுமை ஏற்றும் இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. "முழு விரலுக்கு உண்டான மரியாதையை அரை விரல்ல முடிச்சிடறேன். சிக்கனமான அரசாங்கம்னா இதுதான்" என்பார்.

தேர்தல் வருடத்தில் அந்த அரை விரலுக்கு ஓய்வே கிடையாது. நிறுத்தி வைத்த வண்டிகளுக்கும் எழும், டிராக்டரில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவருக்கும் எழும். ஒருமுறை யார் வீட்டு வாசலிலோ இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்தியிருந்த கௌபாய் பொம்மைக்கும் எழுந்தது. "அவன் பதிலுக்குத் தூக்கல. அந்த வீட்ல ரெண்டு ஓட்டுப் போச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவருடைய கருத்துக் கணிப்பே அதுதான். எதிரே எழும் விரல் எல்லாம் ஓட்டு.

மாநிலச் சட்டமன்றத்தில் எட்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். அரசாங்கம் சிறியதாக வேண்டும் என்பதே அவர் கொள்கை. அதைச் சிறியதாக்க இன்னும் இரண்டு வருடம் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது வேண்டுகோள். "எட்டு வருஷமா சின்னதாக்கிட்டிருக்கியே டெல்மர், நம்ம கராஜைக்கூட நீ இப்படித்தான் காலி பண்றே" என்பாள் மனைவி லவான். கொள்கை ரீதியாக அவரை எதிர்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ஊரில் எதிர்க்கட்சி என்பது இரண்டு பள்ளி ஆசிரியைகளும் ஓய்வுபெற்ற ஒரு போதகரும். ஆகவே ஆகஸ்டில் சொந்தக் கட்சிக்குள் நடக்கும் தேர்தல்தான் தேர்தல். அதில் ஜெயித்தவருக்கு நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

மேடையில் ஏறினால் முன்னுரிமைகளை விரல் விட்டு எண்ணுவார். கட்டைவிரல் நிலவரி. அடுத்தது சுட்டுவிரல் என்றுதானே நினைப்போம்? அதைத் தாண்டி நடுவிரலுக்குத் தாவுவார். அது துப்பாக்கி உரிமை. மோதிரவிரல் கருவில் இருக்கும் குழந்தை. சுண்டுவிரல் மண்சாலைகள். கைதட்டல் எழும். அது ஓயும் நேரம் பார்த்து, மறந்துபோனவர்போலத் திரும்பி வந்து அந்த அரை விரலைத் தொட்டு, "அப்புறம், தண்ணி" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிவிடுவார். "எனக்கு நாலரை முன்னுரிமை. அரை எதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்று அவரே சிரிப்பார்.

அந்த அரைதான் இந்த வருடம் அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது. பாசனக் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதில் மீட்டர் மாட்ட வேண்டும், நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஆண்டுதோறும் மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும் என்று குளிர்காலத்தில் ஒரு சட்டம் வந்தது. டெல்மர் எழுந்து அதை வன்மையாக எதிர்த்துப் பேசினார். பேசிவிட்டு உட்கார்ந்து, ஆதரித்து வாக்களித்தார். "பேசினது கட்சிக்கு, போட்டது கிணத்துக்கு" என்று லவானிடம் விளக்கம் சொன்னார். விசிட்டா நகரத்திலிருந்து வந்து மூன்று வருடமாகப் பண்ணை வைத்திருக்கும் டைசன் பிராக் அந்த வாரமே எதிர்த்துப் போட்டியிடக் கிளம்பிவிட்டான். 'உங்கள் கிணற்றுக்குள் அரசாங்கத்தை இறக்கியவர் டெல்மர் ரீடல்' என்ற அட்டை வீட்டுக்கு வீடு தபாலில் போயிற்று. டெல்மர் வீட்டுக்கும் வந்தது. படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான். ஆளைத் தெரியாம இருந்தா நானே இவனுக்குப் போட்டிருப்பேன்" என்றார்.

இவை எல்லாவற்றையும்விட நார்பர்ட் காஃப்மனின் வேலி மூலைதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு நெடுஞ்சாலைகள் கூடும் இடம் அது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அங்கே நின்றுதான் போக வேண்டும், நிற்கும்போது கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. அந்த மூலையில் யார் பெயர்ப் பலகை நிற்கிறதோ அவர்தான் ஜெயிப்பார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நான்கு தேர்தலிலும் டெல்மர் பலகைதான் நின்றது. இந்த வருடம் கோதுமை அறுவடை முடிந்தும் மூலை காலியாகவே கிடந்தது. நார்பர்ட் அவரோடு பள்ளியில் படித்தவர், பக்கத்து நிலத்துக்காரர். மீட்டர் மாட்ட ஆள் வந்துபோன நாளிலிருந்து, எதிரே வந்தாலும் அவர் விரல் எழுவதில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு ஓட்டுகிறவர்போல நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த நிலையில்தான் தலைநகர் டோப்பீகாவிலிருந்து கென்ட்ரா என்ற பிரசார ஆலோசகர் வந்து சேர்ந்தாள். முதல் வேலையாக, துண்டறிக்கைப் படத்தில் அந்த விரலை ஒரு கன்றுக்குட்டியின் கழுத்துக்குப் பின்னால் மறைத்தாள். இரண்டாவது வேலையாக வணக்கத்தில் கைவைத்தாள். "விரலை மட்டும் தூக்கினா மிரட்டற மாதிரி இருக்கு சார். அதுலயும் அந்த விரல்... முழுக் கையைத் தூக்குங்க. உள்ளங்கை தெரியணும். ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"விரலை ஒளிக்கச் சொன்னதே நீதானேம்மா?" என்று கேட்டார் டெல்மர். ஆனாலும் கண்ணாடி முன் நின்று பழகினார். லவான் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏதாவது சத்தியப் பிரமாணமா?" என்று கேட்டாள்.

மறுநாள் மண்சாலையில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு நார்பர்ட்டின் வெள்ளைப் பிக்கப் எதிரே வந்தது. டெல்மர் மூச்சை இழுத்துப் பிடித்து, முழுக் கையையும் தூக்கி, உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்டுவதுபோல் காட்டினார்.

கென்ட்ராவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சாலைகளில் முழுக் கையைத் தூக்குவது ஆபத்துக்கு மட்டுமே. வயலில் தீ, சாலையில் மாடு, களஞ்சியத் தானியத்துக்குள் புதைந்த ஆள். டெல்மருக்குத் தெரியும். பதவி ஆசையில் மறந்துபோயிற்று.

நார்பர்ட் பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பிறகு அதே வேகத்தில் பின்னால் வந்து, ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டி நின்றது.

"எங்கடா தீ?"

"தீயெல்லாம் ஒண்ணும் இல்ல."

"மாடு வெளிய வந்துடுச்சா? லவானுக்கு ஏதாவது..."

"அவ நல்லா இருக்கா. சும்மா, வணக்கம் சொன்னேன்."

நார்பர்ட் அந்தக் கையைப் பார்த்தார். அது இன்னும் இறங்காமல் இருந்தது. "இதுவா வணக்கம்? போப்பாண்டவர் மாதிரி தூக்கிட்டு நிக்கறே! தண்ணி டேங்கர் அனுப்பச் சொல்றதுக்கு நான் போனை எடுத்துட்டேன்!"

"ஒரு பொண்ணு வந்திருக்கு. எனக்குக் கை தூக்கச் சொல்லித் தர்றதுக்கு."

"எட்டு வருஷமா அங்க கை தூக்கிட்டுத்தானே இருக்கே, மாண்புமிகு உறுப்பினரே? நீ தூக்கின லட்சணத்துலதான் என் கிணத்துக்கு மீட்டர் வந்தது." நார்பர்ட் மூச்சு வாங்கினார். "அப்புறம், நோட்டீசுல என் கன்னுக்குட்டியைப் போட்டிருக்கே. யாரைக் கேட்டுப் போட்டே?"

"அது உன்னோடதா? அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது."

சிரித்துவிடக் கூடாது என்று நார்பர்ட் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். இந்தப் பக்கத்தில் ஒருவர் சாலை நடுவே இன்ஜினை அணைத்தால் விஷயம் பெரியது.

"டைசன் வந்து மூலையைக் கேட்டான். இன்னும் வாக்குக் கொடுக்கல. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஓட்டுத் தப்புன்னு சொல்லு. மேடை போட்டுச் சொல்ல வேணாம், பேப்பர்ல வேணாம். இங்க, எனக்கு மட்டும். மூலை உன்னோடது."

சுற்றிலும் அறுவடையான தாள்கட்டையும் வெட்டுக்கிளிகளும்தான். கேட்க ஆளில்லை. டெல்மர் இதைவிடப் பெரிய பொய்களை இதைவிடச் சின்னக் காரியங்களுக்குச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு தேவாலய விருந்தில், மூன்று வீட்டு ரூபார்ப் இனிப்பு அப்பத்தைத் தின்றுவிட்டு மூன்றுமே மாநிலத்தில் முதலிடம் என்று சொன்னவர்தான். வழக்கம்போல வலது கை எழுந்தது.

"என் முன்னுரிமை என்னன்னு உனக்கே தெரியும். முதல்ல வரி..."

"கட்டைவிரலை மடக்குடா. வரியை எல்லாப் பயலும் சொல்றான்."

டெல்மர் கட்டைவிரலை மடக்கினார். மற்ற மூன்றும் கூடவே மடங்கிவிட்டன. ஒளிக்க ஒரு கன்றுக்குட்டியும் பக்கத்தில் இல்லாமல், அந்த அரை விரல் மட்டும் நின்றது.

"தண்ணி" என்றார்.

"முதல்லயா?"

"முதல்ல. தப்புன்னு சொல்லலாம்னுதான் பாக்கறேன். வாயில வரமாட்டேங்குது. வந்தா சொல்லிட மாட்டேனா? எனக்கு அந்த மூலை வேணும்டா."

வெயில் வண்டியின் மேல் நின்று காய்ந்தது. டெல்மரே கேட்டார். "உன் கிணறு எவ்வளவு இறங்கியிருக்கு?"

"அதை நான் எதுக்கு அரசாங்கத்துக்குச் சொல்லணும்?"

"அரசாங்கம் கேக்கல. நான் கேக்கறேன்."

நார்பர்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், பதில் அதற்குள் இருப்பதுபோல. "முப்பது அடி. மீட்டர்ல வந்ததை இன்னும் அனுப்பல. உனக்குச் சொல்றேன். உனக்கு?"

"முப்பத்தஞ்சு."

"உன் நிலம் பள்ளமாச்சே!"

"பள்ளத்துலயே முப்பத்தஞ்சு."

நார்பர்ட் இன்ஜினைப் போட்டார். "மூலை டைசனுக்குத்தான். இறங்கினது என் தண்ணி. அதை இறக்கற உரிமையும் என்னோடது." கியரை மாற்றியவர் நின்றார். "இன்னொண்ணு. அந்தக் கையை இனிமே தூக்காதே. ஒருநாள் நிஜமாவே தீப்பிடிக்கும், ஒருத்தனும் நிக்கமாட்டான்." கிளம்பும்போது ஸ்டியரிங்கிலிருந்து அவருடைய சுட்டுவிரல் எழுந்து அமர்ந்தது. குளிர்காலத்துக்குப் பிறகு முதல் தடவை.

அன்று இரவுச் சாப்பாட்டில் டெல்மர் அதைப் பெருமையாகச் சொன்னார். "மூலை போச்சு, விரல் வந்தது." லவான் உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டபடி கேட்டாள். "விரலுக்கு ஓட்டு உண்டா?"

சனிக்கிழமை அதே மண்சாலையில் போய்க்கொண்டிருந்தார். எதிரே புத்தம் புது பிக்கப் ஒன்று வந்தது. கதவு நிறைய டைசனின் முகம், பின்னால் இரண்டு ஆள் உயரப் பலகை. நார்பர்ட்டின் மூலைக்குத்தான் போகிறது. டெல்மரின் அரை விரல் தன் பாட்டில் எழுந்தது. டைசன் பல் தெரியச் சிரித்து, முழுக் கையையும் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

அது வெறும் வணக்கம் என்று டெல்மருக்குத் தெரியும். அவனுக்கும் டோப்பீகாவிலிருந்து ஒரு கென்ட்ரா வந்திருப்பாள் என்றும் தெரியும். அவ்வளவும் தெரிந்திருந்தும், எங்கே தீயோ என்று கால் பிரேக்குக்குப் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, புழுதிக்குள் மறைந்துகொண்டிருந்த அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.