சுரங்க வாசலில் ஒரு ஜோடி செருப்பு

பஞ்சநாதனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். கேட்கிறவர் முகம் மலரும் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவான். என் தங்கை தனத்தைக் கட்டியவன். தேவனாம்பட்டினத்துக் கடலில் இருபது வருடம் தொழில் செய்து, முழங்கால் போனபிறகு, ஆற்றோரம் இடிந்து கிடக்கும் கோட்டையைச் சுற்றிக்காட்டிப் பிழைக்கிறான். ஆட்களைக் கொண்டுவந்து விடுவது என் ஆட்டோ.

முக்கால்வாசி உண்மைதான் சொல்வான். மராட்டியரிடம் இங்கிலீஷ்காரன் கோட்டையை விலைக்கு வாங்கியது. நாலு பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் ஊர்களை எடுத்துக்கொண்டது. பிறகு பிரெஞ்சுக்காரன் வந்து இடித்தது. வந்து போன வாத்தியார்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தது. ஆனால் இதற்கெல்லாம் கொட்டாவிதான் வரும். அதனால் கடைசியில் செங்கல் சுவரடியில் இருக்கும் பொந்தைக் காட்டி, இந்தச் சுரங்கம் சிதம்பரம் கோயில் வரைக்கும் போகிறது என்பான். கொட்டாவி விட்டவரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார். வேண்டாம் மச்சான் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

இந்தத் தை அமாவாசைக்குச் சிதம்பரம் கீழவீதியிலிருந்து சிற்சபேசன் என்ற பெரியவர், மகள் லலிதாம்பிகையோடு வந்தார். கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு என் ஆட்டோவில் கோட்டை பார்க்க வந்தார். சுற்றிக்காட்டப் போகிறவன் என் மச்சான் என்று வழியிலேயே சொல்லியிருந்தேன். சுரங்கம் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் பஞ்சநாதனும் லலிதாம்பிகையும் டீ குடிக்கக் கிளம்பினோம். தான் நிழலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அவர் வரவில்லை.

திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பொந்தின் வாசலில் அவர் செருப்பு, கோயிலுக்குள் போகிறவர் விட்டதுபோல ஜோடியாகக் கிடந்தது.

பஞ்சநாதன் முகம் வெளுத்துவிட்டது. பொந்து இருபதடி போய் ஆற்றுப் பக்கம் பள்ளத்தில் இறங்குகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அமாவாசையில் கடல் ஏறினால் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் அதற்குள் வந்துவிடும். அன்று ஏறிக்கொண்டிருந்தது.

கெட்ட காலை இழுத்துக்கொண்டு அவன் உள்ளே தவழ்ந்தான். போன் வெளிச்சத்தோடு நான் பின்னால் போனேன். உள்ளே கற்பூரம் எரிந்தது. பெரியவர் முழங்கால் தண்ணீரில், பள்ளத்துக்கு ஒரு எட்டு முன்னால் குனிந்து நின்றிருந்தார். தண்ணீர் ஏறுகிறது, திரும்புங்கள் என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை.

"காத்து வருது பாருங்க தம்பி. ஸ்வாமி இந்தப் பக்கந்தானே?" என்று காலைத் தூக்கினார்.

பாம்பு, போலீஸ் என்று இன்னொரு பொய்யைப் பஞ்சநாதன் எடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அய்யா, இது எங்கயும் போவல. நாந்தான் பொய் சொன்னேன். அடுத்த அடி பள்ளம்."

கற்பூரம் தண்ணீரில் விழுந்து அணைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வெளிச்சத்தை உயர்த்திப் பார்த்தபோது அவர் பஞ்சநாதன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் லலிதாம்பிகை அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். வாங்கிக்கொள்ளட்டும் என்று நானும் சும்மா நின்றேன். பெரியவர் மெதுவாகச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"பீரங்கி சுட்டு ஊரெல்லாம் எடுத்துக்கிட்டாங்கன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?"

"அது நெசங்கய்யா," என்றான் பஞ்சநாதன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார்.

மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டும்போது, அந்தப் பீரங்கிக் கதை உண்மையா என்று என்னிடமும் கேட்டார். சத்தியமாக உண்மை என்றேன்.

"நீங்க அவருக்கு மச்சானாச்சே," என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.