துரையின் பச்சையை உரித்தவர்

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று மார்தட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் ஏசுதாஸைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேரளத்து ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபாக்டரி ஃபிட்டராக இருந்தவர் அவர். பெயரில்தான் ஏசு, கோயில் பக்கம் போவதில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாராவது மந்திரித்த எண்ணெய் என்று வாயெடுத்தால், "நிரூபிச்சுக் காட்டு" என்று வழிமறிப்பார்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர், ஜீப் நுழையாத பாதை. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப்போவார்கள். அதே மலையில், எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களாப் புல்லை வெட்ட மட்டும், உட்கார்ந்து ஓட்டுகிற பச்சை நிறக் குட்டி டிராக்டர் ஒன்று இருந்தது. எஸ்டேட்டைப் பூட்டி, பங்களா ரிசார்ட் ஆனபோது அது துருப்பிடித்து மூலையில் கிடந்தது. ஏசுதாஸ் கேட்டு வாங்கிவந்தார். ஒரு ட்ரெய்லரை மாட்டினால் நாற்காலிக்கு வேலையில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜிஸ்மிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் வண்டி பாதையில் இறங்க வேண்டும்.

பத்தாவது நாளே இன்ஜின் ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வண்டிதான் ஓடுதுல்ல? ட்ரெய்லர மாட்டுங்க" என்றாள் மனைவி கத்தரீனாள்.

"இந்தப் பச்சையோடயா? இது துரை உக்காந்த பச்சை. எம்மக செவப்பு வண்டியிலதான் போவா."

ஆனால் அது பிரஷ்ஷில் அடித்த பெயிண்ட் அல்ல. தூளாகத் தூவி, அடுப்பில் சுட்டு ஒட்டவைத்த பவுடர் கோட்டிங். தின்னர் போட்டுத் துடைத்தார், முன்பைவிடப் பளபளத்தது. உப்புத்தாளால் தேய்த்தார், மூன்று நாளில் உள்ளங்கை அளவு இடம் வெளுத்தது, கூடவே அவருடைய உள்ளங்கையும். பக்கத்து வீட்டுச் சுவக்கீன் தினமும் டீ கிளாசோடு வந்து நின்றான்.

"மச்சான், துரைமாரு போனப்புறமும் உங்கள வேலை வாங்கிட்டுத்தான் இருக்காங்க."

அந்தக் கோபத்தில்தான் ஃபாக்டரி ஞாபகம் வந்தது. இலைக்கறை பிடித்த தட்டுகளை அங்கே காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டியில்தான் போடுவார்கள். ஏசுதாஸ் ஒரு பீப்பாயை அடுப்பில் ஏற்றினார். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பானெட்டையும் மட்கார்டையும் முக்கினார். மறுநாள் பச்சை, பால் ஆடை மாதிரி சுருண்டு வந்தது. "அறிவியல்!" என்று சுவக்கீனைப் பார்த்துக் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஸ்டீயரிங் தாங்கியைப் பீப்பாயில் இறக்கினார். அது பொங்கிச் சீறியது. இரும்பு ஒருபோதும் இப்படிச் சீறியதில்லை. பகுத்தறிவாளர் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே வெளியே எடுத்திருக்க வேண்டும். ஏசுதாஸ், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, பேப்பர் படிக்கப் போனார்.

திரும்பி வந்து இடுக்கியால் எடுத்தபோது, டீயில் ஊறிய பிஸ்கட் போல ஒரு மிச்சம் தொங்கியது.

பூசை முடிந்து வந்த கத்தரீனாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது அலுமினியம்லா? காந்தம் வச்சுப் பாத்தீங்களா?"

ஊரையே சோதித்துப் பார்க்கச் சொன்னவர் அந்த ஒன்றைச் சோதிக்கவில்லை. இரும்பை ஒன்றும் செய்யாத காஸ்டிக், அலுமினியத்தைத் தின்றுவிடும். ஃபாக்டரித் தொட்டிக்குள் அலுமினியம் போனதே இல்லை. அதனால் தொட்டிக்குள் போவதெல்லாம் இரும்பு என்று முப்பது வருஷம் நம்பியிருந்தார். சாட்சியில்லாத நம்பிக்கைக்கு அவர் மற்றவர்களிடம் என்ன பெயர் சொல்வாரோ, அதே பெயரைத் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

தாங்கி இல்லாமல் வண்டியை ஓட்ட முடியாது; கோயம்புத்தூரிலிருந்து வேறொன்று வர இரண்டு வாரமாகும் என்றார்கள். ஜிஸ்மிக்குக் குறித்த தேதிக்கு முன்பாகவே, ஐந்தாம் நாளே வலி வந்தது. கொட்டும் மழையில் நாற்காலியைத் தூக்கினார்கள். நாற்காலியின் முன்பக்க இடது காலைப் பிடித்தவர் ஏசுதாஸ்; வலது காலைப் பிடித்தவன் சுவக்கீன்.

"அப்பா, உங்க செவப்பு வண்டி ரொம்பக் குலுங்குது" என்றாள் ஜிஸ்மி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசாம இரு தாயி."

"பிரேக்காவது இருக்கா?"

"பிரேக் நாந்தான்" என்றான் சுவக்கீன், வழுக்கியபடியே.

அரைமணி நேரத்தில் ரோட்டைத் தொட்டார்கள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை ஏசுதாஸ் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை.

வார்டு வராந்தாவில் கத்தரீனாள் கேட்டாள்: "ரிசார்ட் வாசல் வரைக்கும் பஞ்சாயத்து காங்கிரீட் போட்டுருக்கு. நம்ம பாதைக்கும் போடச் சொல்லி ஒரு மனு, ஒரு நிவேதனம் எழுதுனீங்களா?"

எழுதவில்லை. துரையின் நிறத்தை உரிக்கத்தான் நேரமிருந்தது. துரைக்கு ஒரு பாதை, லயத்துக்கு ஒரு பாதை என்ற ஏற்பாட்டின் மேல் அவர் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அங்கேயே, ஜிஸ்மியின் மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார். இப்போது அறுபத்திரண்டு கையெழுத்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தூக்கிப்போகிற பாதை ஒன்று இருக்கும். எத்தனை மீட்டர், எத்தனை வீடு என்று அளந்து, எழுதி, கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.