அப்பாவைத் தூக்கப் பழகிய வருஷம்

அப்பாவை நான் கீழே போட்டது ஒரு விடியற்காலையில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில். இரண்டுக்கும் இடையே ஓர் ஆள் குறுக்கே நிற்கும் இடம்தான் இருந்தது. அந்தத் தூரத்துக்குக்கூட அவரைக் கொண்டுபோக என்னால் முடியவில்லை.

வீட்டில் படுத்துவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். தூக்குகிறவனின் உடம்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அவனும் சொல்லமாட்டான். எனக்கு இப்போதும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சீமையில் பெரிய சண்டை தொடங்கிய வருஷம் அது. அப்பாவுக்குப் பாரிசவாயு (உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப்போகும் நோய்) வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. புத்தி மட்டும் முன்னைப் போலவே தெளிவாக இருந்தது. தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் அப்போது நான், என் மனைவி சிவகாமி, அவள் தம்பி சுப்பையா மூவரும் இருந்தோம். சுப்பையா இருந்தவரை ஒரு சிரமமும் தெரியவில்லை. அப்பாவைக் குழந்தை போல அள்ளிப் புறவாசலுக்குக் கொண்டுபோவான், குளிப்பாட்டுவான், திரும்பக் கிடத்துவான். விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் வேலை கிடைத்து அவன் புறப்பட்டுப் போனான். மறுநாள் காலையில் அப்பாவைத் தூக்க நான் குனிந்தேன்.

நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. நாற்பதைத் தாண்டியிருந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுவது, வீட்டுக்கு வந்து சாய்ந்துகொள்வது, இதுதான் என் வாழ்க்கை. எங்கள் குடும்பத்துக்கு வயல்கள் இருந்த காலத்திலும் மண்வெட்டியைத் தொட்டவர்கள் யாரும் கிடையாது. மெலிந்த கைகளையும் சிறு தொந்தியையும் நான் கௌரவமாகவே நினைத்திருந்தேன். பாரம் என்பது வேறு யாரோ தூக்குவது.

சிவகாமி கால்களைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பாதி எழும்பியதும் என் தொடைகள் வெடவெடத்தன. இடுப்பில் சுளீரென்றது. முழங்கால் தானாக மடிந்தது. அப்பா பக்கவாட்டில் தரையில் விழுந்தார். அவர் மேல் நான் விழுந்தேன்.

அவர் நெற்றியில் இரத்தம் கசிந்தது. குழறிய நாக்கால் அவர் கேட்டது இதுதான்: "ஏலே, ஒனக்கு அடி கிடி பட்டுட்டா?"

பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் வில்வண்டியில் வந்தார். பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஜில்லாக்காரர். அப்பாவின் இடுப்பையும் காலையும் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்ணும் முறியல. தப்பிச்சாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரு ஏன் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கீரு?"

"இடுப்புல லேசா வலி."

"கை ஊணாமக் கீழ உக்காந்து எந்திரியும், பாப்பம்."

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மறுபடி முயன்றேன். கை தானாகத் தரைக்குப் போனது. கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் வெட்கப்படக் கூடாது என்று. அதுதான் அதிகம் சுட்டது.

"இந்த வீட்டுல நோயாளி ஒருத்தரில்ல வே, ரெண்டு பேரு" என்றார் டாக்டர்.

எனக்கு வந்திருப்பது தசைநலிவு (வேலை கொடுக்காத தசை மெலிந்து வலுவிழப்பது) என்று விளக்கினார். மருந்து கிடையாது. பாரம் தூக்கிப் பழக வேண்டும். கொஞ்சத்தில் தொடங்கி மெள்ள மெள்ள ஏற்ற வேண்டும்.

"நான் என்ன பயில்வானா, டாக்டர்?"

"பயில்வானுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? அவன் பாட்டுக்குத் தூக்குதான். ஒம்மள மாதிரி உக்காந்து எழுதுத ஆளுக்குத்தான்வே இது வேணும். பட்டாளத்துல எழுத்தன்மாரையெல்லாம் தூக்க வச்சிருக்கேன்."

அவர் சொன்னதை நான் அன்று ஏற்கவில்லை. தெருவாசலில் நின்று, போகிற வருகிற ஆண்களைக் கூப்பிடுவது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. யாராவது வருவார்கள். ஒரு கை பிடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு கைகள் அப்பாவின் உடம்பைத் தொட்டன. வேட்டி விலகும்போது அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார்.

சில நாட்களில் அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. சிவகாமி கிண்ணத்தோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"குடிங்க மாமா. நாக்கு வறண்டு கெடக்கே."

"வேண்டாம்மா. குடிச்சா போணும்லா. அவன் திரும்பத் தெருவுக்குப் போயி ஆளு தேடணும்."

நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அன்று மாலையே ஒரு கோணிப்பையோடு ஆற்றங்கரைக்குப் போனேன். பொருநை மணலில் கொஞ்சம் அள்ளிப் போட்டுக் கட்டினேன். தெரிந்தவர்கள் கேட்டபோது, வீட்டில் அடுப்பங்கரைத் தரையை நிரவ என்று சொன்னேன்.

மாட்டுத் தொழுவத்தில் மாடு இல்லாமல் போய் வெகுகாலம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பழகத் தொடங்கினேன். டாக்டரிடம் மறுபடி போய் முறையைக் கேட்டுக்கொண்டேன். முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடித்துக் குனிய வேண்டும். மூட்டையை உடம்போடு அணைத்து, மூச்சை அடக்காமல் எழ வேண்டும். பிறகு பஸ்கி (கை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது). தண்டாலுக்குத் தரை கஷ்டமாக இருந்தால் சுவரில் கை வைத்துச் செய்யலாம். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. "சதை தூக்கும்போது வளராது, ஓய்வுலதான் வளரும். ஆசப்பட்டு அதிகம் தூக்கீராதயும்" என்றார்.

முதல் நாள் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வீட்டுக்குள் வந்தேன். தொடை அப்படி வலித்தது. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, சிவகாமி தொழுவக் கதவைத் திறந்துவிட்டாள். கோவணத்தோடு மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் வியர்வையில் நின்றிருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"எதுக்கு ஒளிஞ்சு செய்யுதிய?"

"யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"மாமா விழுந்தத நான் பாத்துட்டேன். அதுக்கு மேல யாரு என்ன பாக்க இருக்கு?" என்றாள். பிறகு கிட்டே வந்து மூட்டையைத் தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்பு, சிரமமில்லாமல் தூக்கினாள். "மணலு பத்தாது. இன்னும் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமலே போனாள்.

அவள் அன்றாடம் எவ்வளவு தூக்குகிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் நடந்ததை நான் பார்த்ததுண்டு. அதில் கனம் இருந்தது என்று நினைத்ததில்லை.

மாற்றம் நான் எதிர்பார்த்த இடத்தில் முதலில் வரவில்லை. முதலில் வந்தது தூக்கம். பிறகு பசி. கோர்ட்டில் மத்தியானத்துக்கு மேல் கழுத்தில் ஏறும் வலி காணாமல் போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை ஒருநாள் மறந்தே போனேன். மணலை அவ்வப்போது கூட்டிக்கொண்டே வந்தேன். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியபோது, யாரையும் கூப்பிடாமல் அப்பாவை நான் தனியே தூக்கினேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் சிவகாமியிடம் தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு முழுக்கக் குடித்தார்.

கோடை பிறந்ததும் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"ஆத்துல ஒருக்க முங்கணும்லே."

வண்டி பிடித்துச் சிந்துபூந்துறைக்குக் கொண்டுபோனோம். படிக்கட்டில் நல்ல கூட்டம். அப்பாவை இரு கைகளிலும் ஏந்திப் படியிறங்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கோர்ட்டுக்காரர் ஒருவர், "நீங்களா அண்ணாச்சி!" என்று வாய்விட்டே சொன்னார். மார்பளவு நீரில் நின்று அப்பாவை முங்கவைத்தேன். தண்ணீர் வழியும் முகத்தோடு அவர் என் காதருகே சொன்னார்: "பெலம் வந்துட்டுலே ஒனக்கு."

எனக்குப் பெருமை தாளவில்லை. படியேறும்போது மூச்சுகூட வாங்கவில்லை. கூட்டம் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே ஏறினேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கரையில் சிவகாமி அவருக்கு ஈரம் துவட்டினாள். முதுகைத் துடைத்தவள், துணியை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெயிலில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே வந்துவிடும்போல் இருந்தது. வீட்டின் அரைவெளிச்சத்தில் தினமும் தூக்கிய உடம்புதான்.

"மாமா ரொம்ப வத்திட்டாக" என்றாள், மெள்ள.

மூட்டையின் கனம் கூடியது எனக்குத் தெரியும். நானே மணல் போட்டேன். அப்பாவின் கனம் குறைந்ததை என் கைகள் அறிந்திருக்க வேண்டும். அவை அதை என் பலம் என்று எடுத்துக்கொண்டுவிட்டன.

டாக்டரிடம் போய்க் கேட்டேன், எனக்கு வந்தது பலமா, அவருக்கு வந்தது மெலிவா என்று. "ரெண்டும் நெசந்தான் வே. தூக்குததை நிறுத்தீராதயும். இனிமேதான் அவருக்கு நீரு வேணும்" என்றார்.

அது உண்மையாயிற்று. கடைசி மாதங்களில் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்திக் கிடப்பதால் தோல் புண்ணாவது) வராமல் காத்தது, அடிக்கடி அவரைத் தூக்கித் திருப்பிக் கிடத்த முடிந்ததால்தான். டாக்டரே அதைச் சொன்னார். அந்நியர் கை அவர்மேல் படவில்லை. தாகத்தை அடக்கிக்கொண்டு அவர் கிடக்கவில்லை. நான் பழகியதற்கு இவ்வளவுதான் பலன் என்றால் இதுவே போதும். பத்து வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அவர் நெற்றியில் அந்தத் தழும்பு இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது இன்னும் அவசியம் வரவில்லை என்றால், வருவதற்கு முன்பே தொடங்குங்கள்.

கடைசி வாரங்களில் அவர் ஒரு தலையணையின் கனத்துக்கு ஆகிவிட்டார். ஒருநாள் தூக்கும்போது கேட்டார்: "கனமா இருக்கேனாலே?"

நான் குனிந்த இடத்திலேயே நின்றேன். முழங்காலை நன்றாக மடித்தேன். பல்லைக் கடித்து, மூச்சை இழுத்து, அவரை அணைத்துக்கொண்டு பைய எழுந்தேன்.

"கனமாத்தாம்ப்பா இருக்கிய."

அவர் முகத்தில் திருப்தி வந்தது. நல்ல கையைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே தூக்கினேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போய்ச் சேர எங்களுக்கு வெகுநேரம் ஆகும்.