ஐஸ் வைத்த ரத்தம்

கேரளத்து விழிஞ்ஞம் மீன்துறையில் மீனுக்கு ஐஸ் அடித்தே இருபத்தாறு வருடம் தள்ளியவர் பிச்சைக்கனி. ஐஸ் பட்டால் எதுவும் கெடாது என்பது அவருக்கு வேதவாக்கு. அந்த வேதவாக்குதான் அவர் குடும்பத்தைக் கெடுத்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

வேலை பார்த்த ஐஸ் கம்பெனியை மூடியபின் கழக்கூட்டம் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அடைத்த சின்னக் குழாய்களைப் பெட்டியில் வைத்து, நாலு மணி நேரத்துக்குள் ஸ்கூட்டரில் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கே தலைவி டாக்டர் திவ்யலட்சுமி, கேரளத்திலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அவர்தான் ஒருநாள் விளக்கினார். “கொரோனாவை எதிர்க்க ரத்தத்துல ரெண்டு படை உண்டு அண்ணாச்சி. ஒண்ணு ஆன்டிபாடி, சீக்கிரம் குறைஞ்சிரும். இன்னொண்ணு டி செல். கிருமி புகுந்த இடத்தையே தேடிப்போய் அழிக்கும், ரொம்ப நாள் மறக்காது. அடுத்த தடுப்பூசி அதுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கணும். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி.”

பிச்சைக்கனிக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. காரணம், மகள் பொன்செல்வி. சிறுநீரகம் மாற்றி வைத்த பிள்ளை. அதற்குத் தின்னும் மாத்திரையால், இரண்டு ஊசி போட்டும் ஆன்டிபாடி பூஜ்யம். டி செல்லாவது பாடம் படித்திருந்தால் கொஞ்சம் தைரியமாக வெளியே போகலாம், ஐ.டி. பார்க்கில் கிடைத்த வேலையில் சேரலாம். அவளைப் போன்ற நோயாளிகளோடு அவளும் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தாள். கொண்டுபோனது அப்பா.

பெட்டிக்குள் நீல நிறத்தில் நாலு ஜெல் பொதிகள். தொட்டால் குளிரவே இல்லை. ‘படிச்சவங்க லட்சணம் இதுதான், ஃப்ரீசர்ல வைக்க மறந்துட்டாங்க’ என்று முதல் நாளே சிரித்துக்கொண்டவர், அன்றுமுதல் வழியில் மீன்கடையில் நிறுத்தி ஐஸ் வாங்கிக் குழாய்களைச் சுற்றி அடுக்கிக்கொண்டே போனார். வாசலில் ஐஸைக் கொட்டி, பெட்டியைத் துடைத்துத்தான் உள்ளே கொடுப்பார். சுத்தக்காரர்! மூடியில் மலையாளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மலையாளம் மணிமணியாகப் பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்படிப் பேசுகிறவருக்கு வாசிக்கத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? அவரும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

பொன்செல்வி ரத்தத்துக்கு இரண்டு கை ஐஸ் கூடுதல். பெற்ற பிள்ளையின் ரத்தமாயிற்றே.

ஒரு மாதம் கழித்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “உங்க மக சாம்பிள்ல டி செல் எதிர்ப்பும் ஒண்ணும் வரலை அண்ணாச்சி. பத்திரமா வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க.”

இருந்தாள். வேலை போயிற்று. அந்த மார்கழியில் அம்மா சுடலைமாடத்தி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். “அம்மை உன்னைத்தான் கேக்கா” என்று அப்பாவே வந்து சொன்னார். மகள் செருப்பைப் போட்டதும் அதே அப்பா வாசலை மறித்து நின்றார். “வேண்டாம் மோளே. வார்டு பூரா இருமல். உனக்கு ஒரு படையும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு.” நாலாம் நாள் பிணமாகத்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு வருடம் ஓடிற்று. போன மாதம் சுதீஷ் என்று புதிதாக ஓர் ஓட்டுநர் சேர்ந்தார். அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கையில் பிச்சைக்கனியும் பக்கத்தில் நின்றார். டாக்டர் மூடியைத் தட்டிக் காட்டினார். “எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. இந்த ஜெல் பொதி அறைச் சூட்டுலயே வச்சுக்கும், ஐஸ் வைக்கவே கூடாது. குளிர்ந்தா டி செல் மரத்துப் போயிரும், தட்டி எழுப்பினாலும் எழும்பாது.”

பிச்சைக்கனிக்கு மீன்கடை ஐஸ் நினைவுக்கு வந்தது. சுதீஷ் போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அதான்... நீங்க கொண்டுவந்த முப்பத்தெட்டு பேரோட ரிசல்ட்டும் மங்கலா இருந்துச்சு. செல் உயிரோட இருக்கான்னு பாக்கப் போடுற மருந்துக்குக்கூட அசையலை. அன்னைக்கே அந்த சாம்பிளையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கணும். அவசரத்துல ‘எதிர்ப்பு இல்லை’ன்னு எழுதிட்டோம்.”

“மறுபடி எடுத்துப் பாருங்கம்மா.”

“இப்ப எடுத்தா இப்ப இருக்கதுதான் தெரியும். அன்னைக்கு இருந்துச்சான்னு இனி கடவுளுக்குத்தான் வெளிச்சம்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “கட்டுரை வெளியாகிப் பேரும் வாங்கியாச்சு. வெளிய விடாதீங்க அண்ணாச்சி. உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். உங்க மகளுக்கு மட்டும் சத்தமில்லாம பாத்துத் தாரேன்.”

அட பாவிகளா! மீதி முப்பத்தேழு பேர் எந்தெந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்களோ? படிக்காதவன் தப்புக்கு ஐஸ் காரணம், படித்தவர்கள் தப்புக்கு என்ன காரணம்? பிச்சைக்கனி இதையெல்லாம் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். இத்தனைக்கும் முதல் தப்பு தன்னுடையது என்ற குன்றல்.

வீட்டில் மகளிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்ட பொன்செல்வி அப்பா பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

“அப்போ, அன்னைக்கு நான் அம்மையைப் போய்ப் பாத்திருக்கலாமா?”

“தெரியாது மோளே. இனி யாருக்கும் தெரியாதாம்.”

“வாசல்ல மறிச்சது நீங்கதானேப்பா?”

“ஆமா மோளே” என்றார் பிச்சைக்கனி.