வண்டியில் முடிந்த படங்கள்

புளி தட்டுகிற நாட்களில் விரல் இடுக்கில் ஏறுகிற எரிச்சல் சாயங்காலம் சோறு பிசையும்போதுதான் தெரியும். பகலெல்லாம் தெரியாது. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்னச் சுத்தியால் கொட்டையைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்த கைகளுக்கு எரிச்சல் உறைக்காமல் பார்த்துக்கொண்டது எங்கள் வீட்டு வாசலில் நடந்த சினிமாப் பேச்சுத்தான். மாசி பிறந்துவிட்டால் பங்குனி முடிகிற வரைக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கோணிகளை விரித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். புளிக்கும் ஓய்வு கிடையாது, வாய்க்கும் ஓய்வு கிடையாது.

டெண்டுக் கொட்டாயைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் இப்போதெல்லாம் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. மணலைக் குவித்து உட்கார்ந்தார்களாம், முறுக்கு தின்றார்களாம், அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஒரு பெருமூச்சு. வராமலே போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? நாங்களும்தான் ஓசூர்க் கொட்டாய்க்குப் போனோம். ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற வழியில் காட்டை ஒட்டினாற்போல இருந்தது எங்கள் ஊர். அப்போது அது சேலம் ஜில்லா. தமிழ் பேசும் வீடு பாதி, தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடு பாதி, சில வீடுகளில் மாமியாருக்கு ஒரு மொழி மருமகளுக்கு ஒரு மொழி என்று இருந்ததால், கொட்டாயில் எந்த மொழிப் படம் ஓடினாலும் மாட்டு வண்டி நிரம்பிவிடும். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், பின்னாலிருந்து வசவும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

வண்டி ஓட்டியவர் மாரப்பா. நல்ல மனிதர், ஆனால் சினிமா பார்க்க மாட்டார். ஜவளகிரிக் காட்டு யானைகள் இறங்குகிற தடம் ஒன்றைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்பதால், முதல் ஆட்டம் முடிகிற வரைக்கும் அவர் பொறுத்ததே கிடையாது. “ஆனைக்கு சினிமா தெரியுமா?” என்பார். படம் நன்றாகச் சூடு பிடித்து, கதாநாயகி தூணைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கொட்டாய் வாசலில் அவர் குரல் கேட்கும்: “ஒத்தாய்த்து, நடீரி!” நேரமாகிவிட்டது, நடங்கள் என்று அர்த்தம். எங்கள் ஊர்க்காரர்கள் மொத்தமாக எழுந்து, பின்பக்க மணலைத் தட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தபடியே வெளியே வருவோம்.

ஆக, எங்கள் ஊரைப் பொறுத்தவரை எந்தப் படத்துக்கும் முடிவு என்று ஒன்று கிடையாது. அதற்காக யாரும் மூக்கைச் சிந்தியதும் இல்லை. வண்டி நகர ஆரம்பித்ததும் முடிவைப் பேசித் தீர்க்க உட்கார்ந்துவிடுவார்கள். வில்லனைத் தூக்கில் போடுவதா ஜெயிலில் போடுவதா, ஓடிப்போன தம்பி திரும்பி வந்தானா இல்லையா என்று சண்டையே நடக்கும், ஊர் வந்து சேருவதற்குள் ஏதோ ஒன்று நிலைத்துவிடும். மறுநாள் படத்துக்கு வராதவர்களிடம் கதை சொல்லும்போது அந்த முடிவையும் சேர்த்தே சொல்வார்கள். இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு, கண்ணால் பார்த்ததாகவே அவர்களுக்கும் ஆகிவிடும். பொய் என்று இதைச் சொல்ல மாட்டேன். தூக்கமும் இடுப்பு வலியுமாக வண்டியில் குலுங்குகிறவர்களுக்கு எல்லாரையும் சேர்த்து வைத்துவிட்டு வீடு போய்ப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பேச்சில் எப்போதும் கடைசி வார்த்தை பக்கத்து வீட்டு முனியக்காவுடையது. அவள் தொண்டைக்கு முன்னால் மற்றவர்கள் முடிவெல்லாம் நிற்காது.

நான் சொல்ல வந்த வருஷம் எங்களோடு புளி தட்ட நாகம்மா அத்தையும் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. பேரிகைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இங்கே மதுவிலக்கு என்பதால் மைசூர் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்த மாமா கம்மலைக் கழற்றிக் கொடு என்று கேட்டு, அவள் கழற்றுவதற்குள் கையை வைத்து இழுத்துவிட்டார். காது மடல் இரண்டாகக் கிழிந்து, அதில் மஞ்சளை அப்பிக்கொண்டு, பஸ் ஏறி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புளி முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறோம் என்று மாமா வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அனுப்பப் போகிறாரா, வைத்துக்கொள்ளப் போகிறாரா என்று பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா வாயைத் திறக்காத விஷயத்தில் என் அப்பா மூச்சும் விட மாட்டார். அத்தையும் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் இது தெரியும், ஆனாலும் நேராக அதைப் பேசுகிற தைரியம் ஒருத்திக்கும் இல்லை.

அப்போது பார்த்து அந்தப் படம் வந்தது. படத்தின் பெயர் எதற்கு, அழுகைப் படம், எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். புருஷன் சூதாடுகிறவன், அடித்துத் துரத்துகிறான். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு அப்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு மாமியார் அழைத்துவிட, புருஷன் வீட்டு வாசற்படிக்கு வந்து வலது காலைத் தூக்கி வைக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். காலைத் தூக்கினாள், மாரப்பா கூப்பிட்டுவிட்டார். எழுந்து வந்தோம். அவள் உள்ளே போனாள், அவன் காலில் விழுந்தான், தங்க விக்கிரகம் மாதிரி ஆண் குழந்தை பிறந்தது என்று வண்டியில் முடிவானது. நானும் வண்டியில்தான் இருந்தேன், ஆண் குழந்தை வேண்டும் என்று கத்தினவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாளிலிருந்து வாசலில் வேறு படமே கிடையாது. அதுவரைக்கும் பாட்டு நன்றாக இருந்ததா, ராஜாவுக்குக் கிரீடம் பொருந்தியதா என்று பேசுகிற பெண்கள், இப்போது கதாநாயகி செய்தது சரியா தப்பா என்பதை மட்டும் பேசினார்கள். முனியக்காதான் ஆரம்பிப்பாள்.

“ரோசம் பாத்துகினு அப்பன் வூட்லயே குந்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்? போனா. புருசன் கால்ல வுழுந்தானா இல்லியா? குடும்பம் நின்னுச்சா இல்லியா?”

“பொம்பளன்னா அப்பிடி இருக்கணும்” என்பாள் பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி. இதைச் சொல்லும்போது கையிலிருக்கிற புளியைத்தான் பார்ப்பாள்.

யாரும் அத்தையின் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத்தான் என்பது சின்னப் பெண்ணான எனக்கே தெரிந்தது. அத்தை படம் பார்க்க வரவில்லை. கிழிந்த காதோடு நாலு பேர் நடுவில் போய் எப்படி உட்காருவாள்? அதனால் எதிர்த்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ஊரே பார்த்த படம், ஊரே சொல்கிற முடிவு, தலையைக் குனிந்து கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தினமும் இதேதான். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப் போயிற்று, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் சாயங்காலம் கை கழுவும்போது, “எனுக்கு அசதியாக்குதுடி. போயிட்டா இந்தப் பேச்சாவது நிக்கும்” என்றாள் என்னிடம். அவள் போவதென்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் தலைப்பிரசவத்துக்காக ராஜி அக்கா தாய்வீடு வந்து சேர்ந்தாள். ராஜி அக்கா பெரியம்மாவின் மகள், ஓசூரில் கொட்டாய்க்குப் பின்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டு வேலை செய்துகொண்டே கொட்டாய் வசனம் முழுவதும் காதில் விழுகிற பாக்கியம் பெற்றவள். சினிமாவில் அவளுக்குத் தெரியாதது இல்லை, அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு. வந்த மறுநாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முனியக்கா வழக்கம்போல ஆரம்பித்து, புருஷன் காலில் விழுகிற இடத்துக்கு வந்தாள்.

“இன்னாக்கா ஒளர்ற?” என்றாள் ராஜி அக்கா. “எங்க வுழுந்தான்? அவ உள்ள போறா. அவன் திருந்தவே இல்ல. அடிச்சே சாவடிச்சுட்றான். அப்பறம் சுடுகாட்ல குந்திகினு ஒரு பாட்டு பாடுவான் பாரு, படத்துலயே அதான் நல்ல பாட்டு. அதக் கேக்காமயா வந்தீங்க?”

சுத்திச் சத்தம் நின்றுவிட்டது. ராஜி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, படத்தைத் தப்பாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். கிடைத்தது சமயம் என்று பழைய படங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துத் திருத்த ஆரம்பித்தாள். தூக்கில் தொங்கியதாக நாங்கள் வைத்திருந்த வில்லன் கடைசியில் மன்னிப்புப் பெற்றானாம். வீடு திரும்பிய தம்பி திரும்பவே இல்லையாம். முனியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “படம் எடுக்கறவனுக்கு புத்தி கெட்டுப்போச்சின்னா நாங்க இன்னா பண்றது? எங்க முடிவுதான் நல்லாக்குது, போடி” என்றாள். சிலர் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. “வுடுங்கடி. சினிமாதான? சினிமாவ பாத்தா யாராவது குடித்தனம் பண்றாங்க?” என்றாள்.

அத்தை முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். “நேத்து வரைக்கும் அது சினிமா இல்லியா அண்ணி?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புளி முடிந்து, சொன்னபடியே மாமாவும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். மாமா வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்போல உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நடந்தது நடந்துபோச்சி, பொண்ண அனுப்புங்க” என்றார் அவருடைய அண்ணன்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டார். “நாலு பேரு சொல்றத நீயும் கேட்டுகினுதான இருந்த, நாகு. அவுங்க உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க” என்றார்.

“அவுங்க சொன்னது சினிமாக்கதைண்ணா. அதுலயும் முடிவ பாக்காதவங்க” என்றாள் அத்தை. “அவுங்க பேச்ச காட்டி என்னை அனுப்பாத. நீ சொல்லு. ‘உனுக்கு சோறு போட என்னால ஆவாது, போ’ன்னு உன் வாயால சொல்லு. இப்பிடியே கெளம்பிட்றேன்.”

பெரியப்பா வாயைத் திறந்தார். என் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். வெற்றிலைப் பையை எடுத்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். மனசில் இருந்ததோ இல்லையோ, கூடப் பிறந்தவளின் காதைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. “இதான் பேச்சா?” என்று மாமாவின் அண்ணன் எழுந்துவிட்டார். இருவரும் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். கொட்டாயில் தட்டுகிற மாதிரி கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு.

படமாக இருந்தால் அங்கேயே விளக்கைப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மறுநாள் விடிந்தது, அத்தை சாணி அள்ளப் போனாள். பெரியம்மா அவளைத் திட்டியது இல்லை, பாத்திரங்களைத்தான் சத்தமாக வைப்பாள். வருஷங்கள் போயின. கம்பெனிகள் வந்தன, நிலத்தைக் கொடுத்துவிட்டு ஓசூருக்கே குடிவந்தோம். அத்தை ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவி, சம்பளத்தைக் கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்தாள். நல்ல தியேட்டர்கள் வந்த பிறகு எங்களோடு படத்துக்கும் வருவாள். திரும்பும்போது எல்லாரும் வாய் வலிக்கப் பேசுவோம். அவளிடம் கேட்டால், “படத்த நல்லாத்தான் எடுத்துக்கிறான்” என்பாள். எங்கள் எல்லாரையும்விடச் சரியாக ஒரு படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவள் அவள்தான், அதற்குப் பிறகு ஒரு படத்தைப் பற்றியும் அவள் அதற்குமேல் பேசியதில்லை.

இப்போது கொட்டாய் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மாரப்பா இல்லை, முனியக்கா இல்லை, ராஜி அக்காவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் பேத்தி சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனில் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் தெரியாத யாருக்கோ அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதட்டும், யார் தலையையும் அது உருட்டப் போவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. வாழாமல் வந்தவளை ‘போ’ என்று ஒரு நாளும் சொல்லாத குடும்பம் இது என்று, கல்யாணம் கருமாதி எல்லாவற்றிலும் யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அத்தை செத்த மறுநாள் அவள் துணிகளை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். இத்தனை பீரோக்கள் இருந்த வீட்டில், பேரிகையிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள்ளேயே எல்லாச் சேலைகளையும் மடித்து வைத்திருந்தாள், யாராவது சொன்னால் உடனே தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. ‘போ’ என்று நாங்கள் சொல்லவில்லை, வாஸ்தவம். ‘இங்கேயே இரு’ என்றும் யாரும் சொல்லவில்லை.